மலைப்பயண அடுப்பும் பாத்திரமும்: விளம்பரத்தில் வராத எடை

இமயமலைப் பாதைகளுக்குச் சிறு குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி என்ற முறையில், புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொருவருடைய முதுகுப்பையையும் திறந்து பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. சமையல் சாமான்களைப் பொறுத்தவரை அண்மைக் காலமாக ஒரே போக்கைக் காண்கிறேன். உள்ளங்கையில் மறைந்துவிடும் 25 கிராம் டைட்டானிய அடுப்பையும், அதற்குத் தோதான மெல்லிய குவளையையும் நல்ல விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போகிறோம், அதற்கு எவ்வளவு எரிவாயு செலவாகும், அடுப்பை எந்த இடத்தில் வைத்துப் பற்றவைப்போம் என்ற கணக்கு அவர்களிடம் இருப்பதில்லை. முதுகில் ஏறுவது அடுப்பும் எரிபொருளும் பாத்திரமும் மூடியும் சேர்ந்த மொத்த எடைதான். அதில் அடுப்பின் பங்கு பெரும்பாலும் மிகச் சிறியது.

எனவே தேர்வை அடுப்பிலிருந்து தொடங்காமல், என்ன சாப்பிடப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், 3000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 90 டிகிரியிலும், 4000 மீட்டரில் 87 டிகிரியை ஒட்டியும், 5000 மீட்டரில் சுமார் 83 டிகிரியிலும் கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு வேகமாக எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் இருக்கும் நீரின் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. இமாச்சலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாய்க்கு அருகிலுள்ள முகாமில் துவரம்பருப்பை வேகவைக்க முயல்பவர், எரிவாயுவைத் தீர்த்துவிட்டு அரைவேக்காட்டுப் பருப்புடன் உட்கார்ந்திருப்பார். நான்கைந்து பேர் சேர்ந்து செல்லும்போது, எடை ஒரு கிலோவைத் தாண்டினாலும், சிறிய பிரஷர் குக்கர் ஒன்றைச் சுமப்பது நியாயமானது. அதன் விசில் எடை கூட்டும் அழுத்தத்தால் 4000 மீட்டரிலும் உள்ளே வெப்பம் 110 டிகிரியைக் கடந்துவிடும். தனியாகவோ இருவராகவோ செல்பவர்களுக்கு அவல், சேமியா, வறுத்த ரவை, நூடுல்ஸ், வீட்டிலேயே வேகவைத்து உலர்த்திய பருப்பு ஆகியவையே போதும். அவலுக்குக் கொதிநீர்கூடத் தேவையில்லை என்பது மழைநாளில்தான் அருமையாகத் தெரியும்.

உணவு முடிவானால் பாத்திரத்தின் உலோகமும் பாதி முடிவாகிவிடுகிறது. டைட்டானியம் உறுதியானது என்பதால் அதை மிக மெல்லிய தகடாக இழைக்க முடிகிறது. 750 மில்லி குவளை ஒன்று 100 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் வெப்பத்தைக் கடத்தும் திறனில் அது அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. சுடர் படும் இடம் மட்டும் கொதித்து, ஓரம் குளிர்ந்து கிடக்கும். கொதிநீரை ஊற்றி மூடிவைக்கும் உணவுகளுக்கு இது ஒரு குறையே அல்ல. ரவை உப்புமா கிளற நினைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் மாவாக நிற்கும். உண்மையாகச் சமைக்க விரும்புபவர்களுக்கு மேற்பரப்பைக் கடினமாக்கிய ‘ஹார்ட் அனோடைஸ்டு’ அலுமினியப் பாத்திரத்தையே பரிந்துரைக்கிறேன். அதன் எடை சற்றுக் கூடுதல், விலையோ டைட்டானியத்தில் ஒரு பகுதிதான். எவர்சில்வர் எதையும் தாங்கும், எடை மட்டும் கூடும். வாகனம் செல்லும் முகாம்களுக்கே அது ஏற்றது.

வடிவத்தை அநேகமாக எவரும் கவனிப்பதில்லை. ஒடுங்கி உயர்ந்த குவளையின் அடியை மீறிச் சுடர் பக்கவாட்டில் ஏறி வீணாகும். அகன்ற அடி அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், அடுப்பின் கால்களிலும் நிலையாக நிற்கும். ஒருவருக்கு 750 மில்லி முதல் ஒரு லிட்டர், இருவருக்கு ஒன்றரை லிட்டர் போதுமானது. மூடி கட்டாயம். எடையைக் குறைப்பதாக எண்ணி மூடியை வீட்டில் விட்டுவருபவர்கள், அதைப்போல் பல மடங்கு எடையை எரிவாயுவாகச் சுமக்கிறார்கள்.

எரிபொருள் கணக்கு கடினமானதல்ல. ஐந்து டிகிரி குளிர்ச்சியான ஓடை நீரை 4000 மீட்டரில் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பம் லிட்டருக்கு ஏறக்குறைய 340 கிலோஜூல். வெப்ப இழப்பே இல்லையென்றால் அதற்கு ஏழெட்டு கிராம் எரிவாயு போதும். இழப்பைச் சேர்த்து, காற்று அடங்கிய இடத்தில் லிட்டருக்கு 15 கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இரண்டு பேர் ஆறு நாளுக்கு, நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் கொதிக்க வைத்தால் 360 கிராம் வேண்டும். 230 கிராம் எரிவாயு அடைத்த கேனிஸ்டர் (சிறு உருளை) இரண்டு எடுத்தால் மிச்சமிருக்கும். ஒன்று மட்டும் எடுத்தால் நான்காம் நாளே தீர்ந்துவிடும். குடிநீரையும் கொதிக்க வைத்தே பருகுவதென்றால் கணக்கு இன்னும் ஏறும்; 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பனியை உருக்கி நீராக்க வேண்டிய பாதையானால் இந்த அளவை இரட்டிப்பாக்க வேண்டும், ஏனெனில் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்குவதற்கு மட்டுமே ஒரு லிட்டர் நீரை 80 டிகிரி சூடேற்றும் அளவுக்கு வெப்பம் செலவாகிறது.

கேனிஸ்டருக்குள் என்ன வாயு இருக்கிறது என்பதும் அளவைப் போலவே முக்கியம். சாதாரண பியூட்டேன் சுமார் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 11 டிகிரி வரையிலும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரையிலும் ஆவியாகும். நகரங்களில் மேசையடுப்புக்கு மலிவாகக் கிடைக்கும் நீள்வடிவக் கேனிஸ்டர்களில் பெரும்பாலும் பியூட்டேன் மட்டுமே இருக்கும். மொட்டைமாடியில் நன்றாக எரிந்த அதே கேனிஸ்டர், லடாக்கின் விடியற்காலையில் நிறைந்திருந்தும் சுடர் தராது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, திருகி மாட்டும் கேனிஸ்டரே மலைக்கு ஏற்றது. அதிலும் புரொப்பேன் முதலில் தீர்ந்துவிடுவதால், பாதிக்கு மேல் பயன்படுத்திய கேனிஸ்டரைக் கடுங்குளிர் இரவுக்கு நம்ப வேண்டாம். படுக்கும்போது அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அது பலனும் தருகிறது. கடுங்குளிரில் அடிக்கடி பயணம் செய்பவர்கள், கேனிஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயுவைத் திரவமாகவே செலுத்த வடிவமைத்த, குழாய் இணைப்புள்ள அடுப்பை வாங்கலாம்.

நம் பாட்டிமார் பயன்படுத்திய பம்பு ஸ்டவ் குளிருக்கு அஞ்சாதது. அதன் மலை வாரிசுகளான, பலவகை எரிபொருளிலும் எரியும் அடுப்புகள் இன்றும் நீண்ட குளிர்காலப் பயணங்களில் உழைக்கின்றன. நாலைந்து நாள் பயணத்துக்கு அவற்றின் எடையும் கரியும் தேவையில்லை. ஸ்பிரிட் (எரிசாராய) அடுப்பு இறகுபோல் இலேசானது, ஆனால் அதே எடையுள்ள எரிவாயுவின் வெப்பத்தில் ஸ்பிரிட் அறுபது சதவீதத்தை ஒட்டியே தரும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. நச்சுச் சாராயமான மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பது உயிருக்கே ஆபத்து.

காற்றைத் தடுக்க வேண்டும், ஆனால் எப்படித் தடுப்பது என்பதில் கவனம் தேவை. கேனிஸ்டரின் தலையிலேயே மாட்டும் அடுப்பை அலுமினியத் தகட்டால் சுற்றிலும் அடைத்துவிட்டால், திரும்பும் வெப்பம் கேனிஸ்டரைச் சூடாக்கி வெடிக்கச் செய்யக்கூடும். பாறையையோ பையையோ காற்று வரும் ஒரு பக்கத்தில் மட்டும் தள்ளி வைத்துவிட்டு, கேனிஸ்டரை அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காவிட்டால் அடுப்பை உடனே அணைக்க வேண்டும். பெரிய குழுவின் அகன்ற பாத்திரத்துக்கு இவ்வகை அடுப்பு பொருந்தாததற்கும் இதே காரணம்தான்.

இனிச் சொல்வதை வாசகர்கள் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். வெளியே மழையோ பனியோ கொட்டும்போது கூடாரத்தின் ஜிப்பை மூடிக்கொண்டு உள்ளேயே தேநீர் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தீப்பிடிக்கும் என்று பயப்படுபவர்கள்கூட, கார்பன் மோனாக்சைடைப் பற்றி எண்ணுவதில்லை. எரியும் எந்த அடுப்பும் ஓரளவு அந்த வாயுவை வெளியிடும். குளிர்ந்த பாத்திரத்தின் அடி சுடரை ஒட்டித் தொடும்போதும், பனியை உருக்கும்போதும் அது கூடுகிறது. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலிமையாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, சோர்வு ஆகியவை இந்த நச்சின் முதல் அறிகுறிகள். உயர மலைநோயின் முதல் அறிகுறிகளும் இவையே. அதனால் பாதிக்கப்பட்டவருக்கு மலைநோய் மாத்திரையைக் கொடுத்து அதே கூடாரத்தில் படுக்கவைத்துவிடும் அபாயம் உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இங்கே உதவாது: கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை ஆக்சிஜன் ஏறியதாகவே அது படித்து, நல்ல எண்ணைக் காட்டிவிடும். மூடிய கூடாரத்தில் அடுப்பு எரிந்திருந்து, உள்ளே இருந்த ஒருவருக்கு மேல் தலைவலி என்றால், முதலில் அடுப்பை அணைத்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். மற்றவற்றை அதன்பின் ஆராயலாம். ஆக்சிஜன் சிலிண்டர் கையிலிருந்தால் தயங்காமல் கொடுத்துவிட்டு, மருத்துவ உதவி கிடைக்கும் இடத்துக்குக் கீழே இறக்குங்கள். கொட்டும் மழையிலும் சமையல் கூடாரத்துக்கு வெளியேதான். வேறு வழியே இல்லையென்றால் வாசல் திறந்த முன்தாழ்வாரத்தின் விளிம்பில்.

கேனிஸ்டரை ஊரிலிருந்து எடுத்துச் செல்ல முடியாது. விமானத்தில் கைப்பையிலும் அனுமதியில்லை, சரக்குப்பெட்டியிலும் இல்லை. ரயிலில் எரிவாயு கொண்டுசெல்வது 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்ததைத் தமிழக வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆகவே அடுப்பையும் பாத்திரத்தையும் மட்டும் கொண்டுபோய், மணாலியிலோ லேயிலோ கேனிஸ்டரை வாங்குங்கள். பழைய கேனிஸ்டர்களில் மீண்டும் வாயு நிரப்பி விற்கும் கடைகளும் உண்டு. அவற்றில் என்ன கலவை, எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பதைக் கடைக்காரரைத் தவிர யாரும் அறியார். திருகுமரை தேய்ந்திருந்தாலோ, அடிப்பக்கம் துருவேறியிருந்தாலோ, தராசில் வைத்தால் அச்சிட்ட மொத்த எடையைவிடக் கூடுதலாகக் காட்டினாலோ வாங்க வேண்டாம். வாங்கியதை அங்கேயே அடுப்பில் மாட்டி, இணைப்பில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள்.