பொது வசதி மையத்துக்கான மத்திய அரசு மானியம்: எவ்வளவு, யாருக்கு, எந்த நிபந்தனையில்

வார்ப்பட ஆலையில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கரண்டி இரும்பை எடுத்துச் சிறு வில்லையாக வார்த்து, அதன் முகத்தைத் தேய்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால், கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்பது உடனே தெரிந்துவிடும். குறை இருந்தால் அச்சில் ஊற்றுவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளலாம். இந்தக் கருவியைச் சிறிய ஆலை தனியாக வாங்குவது கடினம். வாங்கினாலும் நாள் முழுவதும் அதற்கு வேலை இருக்காது. ஆனால் ஒரே வட்டாரத்தில் முப்பது ஆலைகள் இருந்து, கூப்பிடு தூரத்தில் ஒரு கருவி பொதுவாக இருந்தால், அத்தனை பேருக்கும் அது போதும். மத்திய அரசின் குறு, சிறு தொழில்களுக்கான குழும மேம்பாட்டுத் திட்டம் இந்தக் கணக்கின் மீதுதான் நிற்கிறது.

ஒரே வகையான அல்லது ஒன்றையொன்று சார்ந்த பொருள்களைச் செய்யும் தொழில்கள் ஒரு பகுதியில் நெருங்கி அமைந்திருந்தால் அதைத் தொழில் குழுமம் என்கிறோம். கோவையின் பம்பு, சிவகாசியின் அச்சு, கரூரின் வீட்டு உபயோகத் துணி ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் உதாரணமாகச் சொல்லலாம். சோதனைக்கூடம், அச்சுகளும் கருவிகளும் செய்து தரும் கருவி அறை, வடிவமைப்பு மையம், சாயக்கழிவுச் சுத்திகரிப்பு போன்று தனி ஆளால் இயலாத வசதியைப் பொது வசதி மையமாக அமைத்துக்கொள்ள இத்திட்டம் மானியம் தருகிறது.

2022ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பொது வசதி மையத்தின் திட்டச் செலவு 5 கோடி ரூபாய் முதல் 10 கோடி வரை இருந்தால் அதில் 70 விழுக்காடும், 10 கோடி முதல் 30 கோடி வரை இருந்தால் 60 விழுக்காடும் மத்திய மானியமாகக் கிடைக்கும். வடகிழக்கு, மலை மாநிலங்களுக்கும், வளர்ச்சியை எதிர்நோக்கும் மாவட்டங்கள் போன்ற சில பகுதிகளுக்கும் இந்த விகிதம் முறையே 80, 70 ஆக உயரும். செலவு 30 கோடியைத் தாண்டினாலும் விண்ணப்பிக்கலாம். மானியம் மட்டும் 30 கோடிக்கே கணக்கிடப்படும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நெளிவு இருக்கிறது. ஒன்பதரைக் கோடித் திட்டத்துக்கு 70 விழுக்காட்டில் 6.65 கோடி ரூபாய் வரும். 11 கோடித் திட்டத்துக்கு 60 விழுக்காட்டில் 6.60 கோடிதான் வரும். அதாவது ஒன்றரைக் கோடி கூடுதலாகச் செலவிட்டும் மானியம் குறைகிறது. உறுப்பினர் தரப்பு திரட்ட வேண்டியதோ 2.85 கோடியிலிருந்து 4.40 கோடியாக ஏறிவிடுகிறது. கோட்டேஷன் வாங்கும்போது "இன்னும் ஒரு இயந்திரம் சேர்த்துக்கொள்ளலாமே" என்ற ஆசை எழும் இடம் இதுதான். அந்த இயந்திரம் தன் செலவைத் தானே ஈட்டித் தருமா என்று பார்க்காமல் பத்துக் கோடியைத் தாண்டுவது, என் பார்வையில், நல்ல முடிவாக இருக்காது.

மானியத்தைத் தனி நபரோ ஒரே நிறுவனமோ பெற முடியாது. குழுமத்துத் தொழில்முனைவோர் சேர்ந்து சிறப்பு நோக்க நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அதில் எந்த உறுப்பினரிடமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பணபலம் உள்ள ஒருவர் மற்றவர்களின் பெயரைப் போட்டுப் பொதுப் பணத்தில் தன் ஆலைக்கு இயந்திரம் வாங்கிக்கொள்வதைத் தடுக்கவே இந்த விதி இருக்கிறது. மையம் அமைந்த பிறகு உறுப்பினர்களுக்குக் கட்டணத்திலும் நேர ஒதுக்கீட்டிலும் நியாயமான முன்னுரிமை தரலாம். ஆனால் குழுமத்தில் உள்ள, உறுப்பினர் அல்லாத தொழில்களுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் பாதை மாவட்டத் தொழில் மையத்தில் தொடங்குகிறது. குழுமத்தின் நிலையை ஆராய்ந்த அறிக்கையும் விரிவான திட்ட அறிக்கையும் மாநில அரசின் பரிந்துரையுடன் தில்லிக்குச் செல்லும். அங்கே முதலில் கொள்கை அளவிலான ஒப்புதலும், நிலம், உறுப்பினர் பங்குத்தொகை, தேவையான அனுமதிகள் ஆகியவை கைக்கு வந்த பிறகு இறுதி ஒப்புதலும் வழங்கப்படும். இந்த இரண்டு ஒப்புதல்களுக்கு நடுவில்தான் பல குழுமங்கள் தடுக்கி விழுகின்றன. கூட்டத்தில் கை தூக்கிய இருபது பேரில் காசோலை தருபவர் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரியவரும். எட்டுக் கோடித் திட்டமென்றால், மாநில அரசு பங்கெடுக்காத நிலையில், மீதம் 2.40 கோடி, இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 12 லட்சம். வங்கிக் கடன் வாங்கலாம் என்றாலும், அதன் வட்டியும் பின்னாளில் பயன்பாட்டுக் கட்டணத்தில்தான் வந்து விழும்.

ஒப்புதலான தொகைக்கு மேல் செலவு ஏறினால் அந்தக் கூடுதலை மத்திய அரசு ஏற்காது. சிறப்பு நோக்க நிறுவனமோ மாநில அரசோதான் பொறுப்பு. மின்கட்டணம், இயக்குபவரின் சம்பளம், உதிரி பாகம் ஆகியவற்றையும் மையமே தன் வருவாயிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே திட்ட அறிக்கை எழுத ஆலோசகரை அமர்த்துவதற்கு முன், உறுப்பினர் ஒவ்வொருவரும் கடந்த ஓராண்டில் மையத்தில் செய்யப்போகும் வேலைக்காகப் பொருளை வெளியூருக்கு எத்தனை முறை அனுப்பினார்கள், என்ன தொகை கொடுத்தார்கள் என்பதைப் பில்லைப் பார்த்துப் பட்டியலிட்டுக்கொள்வது நல்லது. இயந்திரங்களுக்கு ஆலோசகர்கள் காட்டும் 80 விழுக்காட்டுப் பயன்பாடு காகிதத்தில் அழகாக இருக்கும். அந்தப் பில்கள் வேறு கதை சொல்லக்கூடும்.

இதே திட்டத்தில் சாலை, வடிகால், குடிநீர் போன்ற தொழிற்பேட்டை வசதிகளுக்கும் மானியம் உண்டு. புதிய பேட்டைக்கு 5 முதல் 15 கோடி வரையிலான திட்டச் செலவில் 60 விழுக்காடும், பழைய பேட்டையைப் புதுப்பிக்க 5 முதல் 10 கோடி வரையிலான செலவில் 50 விழுக்காடும் கிடைக்கும்.

ஐந்து கோடித் திட்டம் போடும் அளவுக்குத் தங்கள் குழுமம் பெரிதல்ல என்று நினைப்பவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு குறுந்தொழில் குழுமங்களுக்கெனத் தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதன் வரம்பும் மானிய விகிதமும் வேறு. அதற்கும் மாவட்டத் தொழில் மையத்தையே அணுகலாம்.