2,300 ஈக்களும் ஒரு 17 சதவீதமும்

சாம்பல் நிற உடலும் இயல்பான இறக்கையும் கொண்ட ஒரு பெண் பழ ஈ. இரண்டுமே ஓங்கு பண்புகள், அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிபவை. ஆனால் கருப்பு உடல், குட்டை இறக்கை என்ற ஒடுங்கு மரபணுக்களும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. இந்தப் பெண் ஈயைக் கருப்பு உடலும் குட்டை இறக்கையும் கொண்ட ஆணோடு சேர்த்தால் குஞ்சுகள் எப்படி இருக்கும்?

இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோமில் இருந்தால், மெண்டல் சொன்னபடி நான்கு வகையும் சமமாக வரவேண்டும். 2,300 குஞ்சுகள் என்றால் வகைக்கு 575. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பால் புட்டிகளில் ஈ வளர்த்த தாமஸ் ஹன்ட் மார்கனின் குழு எண்ணியபோது கிடைத்ததோ வேறு: சாம்பல்-இயல்பு 965, கருப்பு-குட்டை 944, சாம்பல்-குட்டை 206, கருப்பு-இயல்பு 185.

இரண்டும் ஒரே குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். அப்படியானால் கடைசி இரண்டு வகை பிறந்திருக்கவே கூடாதே?

இரண்டு கரும்புகளை அருகருகே வைத்து, ஒரே இடத்தில் வெட்டி, நுனிகளை மாற்றி ஒட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கருமுட்டை உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் செய்வது ஏறத்தாழ இதுதான், குறுக்கேற்றம் என்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் கணுக்களுக்கு நடுவே வெட்டு விழுவது அபூர்வம். அடிக்கணுவும் நுனிக்கணுவும் பிரிந்துபோவது சுலபம்.

ஆக, மாறிப் பிறந்தவர்களை எண்ணினாலே போதும். 206 + 185 = 391. இதை 2,300 ஆல் வகுத்தால் 17 சதவீதம். இதுதான் மறுகூட்டிணைவு வீதம். இனி அந்தத் தாயின் எந்தக் கருமுட்டைக்கும் நிகழ்தகவு சொல்லலாம்: மாறிய இரு வகைக்கும் 17 சதவீதத்தில் பாதி பாதி, அதாவது 8.5, மாறாத இரு வகைக்கும் மீதி 83-இல் பாதி பாதி, 41.5.

தேர்வில் பலர் சறுக்குவது அடுத்த படியில்தான். எது மாறிய வகை, எது மாறாத வகை என்பது தாயின் பெற்றோரைப் பொறுத்தது. இந்தத் தாய்க்குக் கருப்பும் குட்டையும் ஒரே குரோமோசோமில் சேர்ந்து வந்தன. கருப்பு ஒருவரிடமிருந்தும் குட்டை இன்னொருவரிடமிருந்தும் வந்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்: கருப்பு-குட்டை கருமுட்டை 41.5 அல்ல, 8.5 தான். தாயின் தோற்றத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பழ ஈயில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆணிடம் குறுக்கேற்றமே நடப்பதில்லை. மேலே பெண்ணைக் கலப்பினமாக எடுத்ததற்குக் காரணம் அதுதான். அந்தப் பெண்ணை, அதே மரபணு ஏற்பாடு கொண்ட அதன் சகோதரனோடு சேர்த்தால், அவனது விந்தணுக்களில் சரிபாதி கருப்பு-குட்டை; எனவே கருப்பு-குட்டை குஞ்சுக்கான வாய்ப்பு 0.415 × 0.5, அதாவது சுமார் 21 சதவீதம். மெண்டல் கணக்குப்படி பதினாறில் ஒன்று, 6.25 தான் வந்திருக்கும். தலைகீழ் ஏற்பாட்டில் வந்த ஆணாக இருந்தால் அந்த வாய்ப்பு பூஜ்யம்.

வீதம் தூரத்தைக் காட்டுகிறது என்றால், அதை வைத்து வரைபடமே போடலாமே? 1911-இல் மார்கனிடம் இருந்த இளங்கலை மாணவர் ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டிவன்ட்டுக்கு இது தோன்றியது. வீட்டுப்பாடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரே இரவில் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். 1913-இல் அது வெளியானது.

ஒரு சிக்கல். இரு மரபணுக்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மறுகூட்டிணைவு வீதம் 50-ஐத் தாண்டாது. நடுவே இரண்டு வெட்டு விழுந்தால், பிரிந்தவை மறுபடி சேர்ந்துவிடும். நமது எண்ணிக்கையில் அது மாறாததாகவே பதிவாகும். அதனால் ஸ்டர்ட்டிவன்ட் தொலைவில் உள்ளவற்றை நேரடியாக அளக்காமல், இடையிலுள்ள மரபணுக்களின் சிறு தூரங்களைக் கூட்டிக்கொண்டே போனார். அவரது வரைபடத்தின் கடைசி மரபணு நிற்கும் இடம் 57.6. நிகழ்தகவாகப் படித்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தூரமாகப் படித்தால் மிகச் சரி.