டிஃப்யூசர்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

மேக்ரோ போட்டோ, அதாவது பூச்சி மாதிரி சின்னதுகள ரொம்பக் கிட்டக்க போய் பெருசா எடுக்குறவங்க வாயில அடிக்கடி வர்ற வார்த்தை டிஃப்யூசர். ஃப்ளாஷ் வெளிச்சத்த கொறைக்குற பேப்பர்னுதான் நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. வெளிச்சம் கொறையுறது உண்மைதான், ஆனா நாம அத ஃப்ளாஷுக்கு முன்னாடி மாட்டுறது அதுக்கில்ல.

வேர லத்தீன்ல பாத்தா புரிஞ்சிரும், 'டிஸ்'னா பிரிஞ்சு நாலாபக்கமும், 'ஃபுண்டெரெ'ன்னா ஊத்துறது, ரெண்டும் சேந்து 'டிஃபுண்டெரெ', ஒரே எடத்துல கொட்டாம பரவலா ஊத்தி விடுறது.

பொன்வண்டு எடுக்கும்போது இந்த ஊத்துறதுதான் எல்லாமே. அதோட முதுகு ஓடு ஒரு குட்டி குவி ஆடி, எதிர்ல என்ன இருக்கோ அதக் காட்டும். அந்தப் பச்சை கூட சாயம் கெடையாது, ஓட்டுல அடுக்கடுக்கா இருக்குற மெல்லிசான படலங்கள்ல ஒளி பட்டுத் திரும்புறப்போ பொறக்குற நெறம், அதனால சின்ன ஃப்ளாஷ நேரா அடிச்சா ஒரு வெள்ளப் புள்ளி வெந்து போய் நிக்கும், சுத்தி எல்லாம் இருட்டு. ஃப்ளாஷுக்கும் வண்டுக்கும் நடுவுல ட்ரேசிங் பேப்பர கிட்டக்க கொண்டு போனா வண்டுக்கு அந்த பேப்பர் முழுசுமே வெளக்கு. தட்டையா வச்சு எடுத்த படத்த ஜூம் பண்ணிப் பாருங்க, பேப்பரோட நாலு மூலையும் மடிப்புக் கோடும் ஓட்டு மேல தெரியும், லென்ஸோட வாய் கருப்பு வட்டமா உக்காந்திருக்கும்! அதான் கிண்ணம் மாதிரி வளைச்சு வைக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் இருட்டா விடுங்க, இல்லன்னா ஓட்டோட வளைவே தெரியாது.

லென்ஸும் இதுல சேத்திதான். 1:1ல, அதாவது வண்டோட நிஜ அளவே கேமரா சென்சார்ல விழுற அளவுக்குக் கிட்டக்க போனா, 100 எம்எம் லென்ஸ்னா வண்டுக்கு முன்னாடி ஒரு சாண் கூட எடம் இருக்காது, 60 எம்எம்னா இன்னும் கம்மி, கிண்ணத்த நுழைக்கவே கஷ்டம். எனக்கு 100தான் வசதி.

சரி, தமிழ்ல? ஸ்கூல் புக்ல டிஃப்யூஷனுக்கு 'விரவல்'னு இருக்கும், விரவுறதுன்னா கலக்குறது, வாயுவுக்குப் பொருந்தும், இங்க எதுவும் கலக்கல. 'ஒளிபரப்பி'தான் பொருளுக்கு நெருக்கம், ஆனா ஒளிபரப்புன்னாலே டிவி ஞாபகம் வந்துருது. 'ஒளிமழுப்பி'ன்னா பழைய தப்பு அர்த்தமே திரும்ப வந்துரும். என்னோட ஓட்டு 'ஒளிவிரிப்பான்'க்கு. சின்ன வெளக்க விரிச்சுப் பெருசாக்குறதுதான அதோட வேல. கிண்ண ஒளிவிரிப்பான், தட்டை ஒளிவிரிப்பான்னு முன்னாடி எத ஒட்டுனாலும் தடையில்லாம வருது.