எல்லோரும் போனால்தான் நானும் போவேன்

ஒரு சமூக வலைத்தளம் பிடிக்கவில்லை என்று ஆயிரம் பேர் வருஷக்கணக்கில் புலம்புவார்கள், ஒருவரும் நகர மாட்டார்கள். அப்புறம் திடீரென்று ஒரே வாரத்தில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் மனசு பெரிதாக மாறியிருக்க வேண்டும் என்பதில்லை.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978-ல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். அவர் பேசியது கலவரத்தைப் பற்றி, ஆனால் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. 100 பேர் கொண்ட ஒரு குழு. முதல் ஆள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். ஒருவர் போனால் போதும், இரண்டாமவர் கிளம்பிவிடுவார். மூன்றாமவருக்கு இரண்டு பேர் போயிருக்க வேண்டும். இப்படியே போய், நூறாவது ஆள் மற்ற 99 பேரும் போனால்தான் அசைவார். சரி, என்ன நடக்கும்? வரிசையாக எல்லோருமே போய்விடுவார்கள். இப்போது அந்த இரண்டாமவரை மட்டும், ‘இரண்டு பேராவது போகட்டும், பார்க்கலாம்’ என்று சொல்பவராக மாற்றிப் பாருங்கள். முதல் ஆள் போவார், அத்தோடு நின்றுவிடும். ஒரே ஒருவருடைய தயக்கம் கொஞ்சம் கூடியதற்கு, 99 பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்! வெளியிலிருந்து பார்ப்பவர் அவர்களை ‘திருப்தியான பயனர்கள்’ என்று எழுதிக்கொள்வார். எனக்கு இந்தக் கணக்கில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

எல்லோருடைய தயக்கத்தையும் ஒரே நேரத்தில் உடைக்க வெளியிலிருந்து ஓர் அடி விழ வேண்டும். 2010-ல், செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் டிக் (Digg) தளம் தன் வடிவத்தையே தலைகீழாக மாற்றியபோது கோபப்பட்டவர்களுக்கு, அதே மாதிரியான ரெடிட் ஏற்கெனவே தெரிந்த இடம், அதனால் எங்கே போவது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தை முடக்கியது. சில நாட்களிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதே மாதிரியான புளூஸ்கை தளத்தில் சேர்ந்தார்கள்.

ஆனால் போய்ச் சேர்வது வேறு, தங்குவது வேறு. 2022 அக்டோபரில் ட்விட்டர் ஈலான் மஸ்க் கைக்குப் போனதும், பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்த மாஸ்டடான் தளத்துக்குப் பெரிய கூட்டம் வந்தது. எந்த சர்வரில் சேர்வது, பழைய நண்பர்களை எப்படித் தேடுவது என்று முதல் நாளே திணறியவர்கள் ஏராளம். சில மாதங்களில் ஒரு பெரும் பகுதி வடிந்துவிட்டது. புளூஸ்கை இந்த இடத்தில்தான் சாமர்த்தியமாக யோசித்தது. 2024-ல் அது கொண்டுவந்த ‘ஸ்டார்ட்டர் பேக்’, யாரோ தொகுத்து வைத்த ஒரு பட்டியலில் இருக்கும் அத்தனை பேரையும் ஒரே தட்டலில் பின்தொடர வைக்கிறது. வானியல் ஆர்வலர் ஒருவர் உள்ளே வந்த ஐந்தாவது நிமிஷமே தன் வட்டாரத்தோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

சிம் கம்பெனியை மாற்றினாலும் நம்பர் மாறாத மாதிரி, நம் தொடர்புப் பட்டியலும் நம்மோடு வந்தாக வேண்டும், அது நம் உரிமை என்பது என் உறுதியான கருத்து. மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் பழைய பதிவுகள் பழைய கணக்கிலேயே நின்றுவிடும். மற்ற தளங்களில் நாம் எழுதியதைத் தரவிறக்கிக்கொள்ள பெரும்பாலும் வழி உண்டு. அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்கள் அந்தக் கோப்பில் பொதுவாக இருக்காது.