நீந்திப் போச்சு சரி, பொழைச்சுதா?

வெயில் காலத்துல மீன பிடிச்சு திரும்ப விடறத பத்தி எழுதக்கூடாதுன்னு தான் இருந்தேன், வருஷா வருஷம் ஆகஸ்ட்ல இதே புலம்பல் தானான்னு வீட்டுல கேக்கறாங்க, ஆனா போன வாரம் பாத்ததுக்கு அப்புறம் வாய மூடிட்டு இருக்க முடியல.

நான் அமெரிக்காவுல, ஒரெகன்ல ஃபிஷரீஸ் பயாலஜிஸ்ட் (மீன் ஆராய்ச்சி பண்றவ). கொலம்பியா நதியில வந்து சேர்ற ஒரு ஆறு (பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த சனிக்கிழமை நாப்பது கார் நிக்கும்). சாயங்காலம் ஆறரை மணி, தண்ணி 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 செல்சியஸ். ஹில்ஸ்பரோ பக்கத்துல இருந்து வந்த நம்ம பையன் ஒருத்தன் ஒரு ஸ்டீல்ஹெட்ட (கடலுக்குப் போய் வர்ற ட்ரவுட் மீன்) பிடிச்சான். முதுகுல வால்கிட்ட இருக்கற சின்னத் துடுப்பு வெட்டாம முழுசா இருக்கு (ஹேச்சரியில, அதாவது பண்ணையில வளர்த்து விடற மீனுக்கு அத வெட்டிடுவாங்க), அப்போ அது காட்டு மீன், விட்டே ஆகணும். மெல்லிசு லைன் போட்டிருந்ததால பன்னெண்டு நிமிஷம் இழுத்தான். அப்புறம் தூக்கி ஒரு போட்டோ, ஃப்ரெண்டோட ஒரு போட்டோ, அதோட விட்டானா, மதுரையில காலைல ஏழு மணி ஆச்சாம், அப்பாவுக்கு வீடியோ கால். நான் கத்திக்கிட்டே தண்ணிக்குள்ள இறங்கி ஓடுறதுக்குள்ள விட்டுட்டான். "பாத்தீங்களாக்கா, ஜம்முனு போயிடுச்சு"ன்னு சிரிக்கறான்.

மறுநாள் காலைல ஸ்நார்க்கல் மாட்டிக்கிட்டு மீன் எண்ணப் போனா, இருநூறு மீட்டர் கீழ ஒரு மடுவுல அடியில கிடக்கு. வால்கிட்ட கடல்சிங்கம் கடிச்ச தழும்பு இருந்துச்சு, அதே மீன் தான். கடல்ல அதுக்கிட்ட தப்பிச்சு, ரெண்டு அணையோட மீன் ஏணியில ஏறி, அடுத்த வசந்தத்துல முட்டை போடறதுக்காக வந்து காத்திருந்த மீன். வீடியோ கால்ல போச்சு.

"நீந்திப் போயிடுச்சு, அதனால நல்லா இருக்கு"ங்கற இந்த ஒரு நெனப்ப எப்படியாவது ஒழிக்கணும். பைக்ல இருந்து விழுந்தவன் "ஒண்ணும் இல்ல சார்"னு எந்திரிச்சு வண்டிய ஓட்டிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி மயங்கி விழறான்ல, அதே கதை. உங்க கைய விட்டு ஓடறது தெம்புல இல்ல, பயத்துல, மிச்சம் இருந்த கடைசிச் சக்தியில. சாகறது சில மணி நேரம் கழிச்சு, சில சமயம் ரெண்டு நாள் கழிச்சு. "நான் எத்தனையோ விட்டிருக்கேன், ஒண்ணும் செத்து மிதந்து பாத்ததில்ல"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். ஐயா, செத்த மீன் மொதல்ல அடியில தான் போய்ச் சேரும், அங்க க்ரேஃபிஷும் (இறால் மாதிரி ஆத்துப் பிராணி) நீர்நாயும் தின்னுட்டுப் போயிடும், உங்க கண்ணு முன்னாடி வந்து மிதந்து புகார் குடுக்குமா என்ன. 1992ல கனடாவுல ரெயின்போ ட்ரவுட்ட வச்சு ஒரு சோதனை பண்ணாங்க (ஸ்டீல்ஹெட்டும் அதே இனம் தான், கடலுக்குப் போய் வர்றது, அவ்வளவே). நல்லா துரத்தி களைக்க வச்ச மீன்ல 12 சதவீதம் செத்துச்சு. அப்படிக் களைச்ச மீன 30 செகண்ட் காத்துல வச்சப்ப 38 சதவீதம். ஒரு நிமிஷம் வச்சப்ப 72 சதவீதம். ஒரு நிமிஷம்ங்கறது "இரு, கேமரா ஓப்பன் ஆகல"ன்னு சொல்ற நேரம்.

ரெண்டாவது எரிச்சல், "வெயில் தாழ்ந்துடுச்சு, இப்ப போடலாம்". காத்து தான் ஆறியிருக்கு, ஆறு ஆறல. நாள் பூரா வாங்கின சூடு சாயங்காலம் நாலுல இருந்து ஏழு வரைக்கும் தான் உச்சத்துல இருக்கும், ராத்திரி பூரா எறங்கி விடியக்காலம் தான் குறைச்சல். அதுக்குத் தான் மத்தியானம் 2 மணிக்கு மேல தூண்டில் போடாதேன்னு ஹூட் ஆவ்ல் கட்டுப்பாடு கொண்டு வர்றாங்க. ஆந்தை கத்தற நேரத்துலயே வேலைக்குப் போன மரம்வெட்டிங்ககிட்ட இருந்து வந்த பேரு. ஆபீஸ் முடிச்சு அஞ்சு மணிக்கு வர்றவங்களுக்கு இது கோபம் தான், என்ன பண்றது, மீனுக்கு ஃப்ளெக்ஸி டைம் கிடையாது.

சூடு எவ்வளவு மோசம்னா, 2015ல யாரும் தூண்டில் போடாமலே கொலம்பியாவுல சுமார் 2.5 லட்சம் சாக்கை சால்மன் செத்துச்சு, தண்ணி சூட்டால. அதனால தான் கோடையில மீனெல்லாம் குளுந்த ஓடை வந்து சேர்ற முகத்துல ஒண்டிக்கிட்டு நிக்கும். ஹெர்மன் க்ரீக், ஈகிள் க்ரீக், டெஷூட்ஸ் முகத்துவாரம் எல்லாம் ஜூலை 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மீன் பிடிக்க விடாம மூடி வைக்கறது இதனால தான். மூடாத சின்ன ஓடை முகம் எத்தனையோ இருக்கு, "செம ஸ்பாட்டுக்கா, போட்டா மாட்டுது"ன்னு அங்க போய் நிக்கறது ஐசியூ வாசல்ல கடை போடற மாதிரி. போர்டு இல்லன்னாலும் வேண்டாம்.

இப்ப கேளுங்க. தண்ணி 18 டிகிரி செல்சியஸ் தாண்டினா யோசிங்க, 20 ஆச்சா, தூண்டில சுத்தி வைங்க, பேச்சே இல்ல. விடியக்காலம் போங்க, ஒன்பது பத்துக்குள்ள முடிங்க. அந்த நேரத்துல மீன மடுவுல தேடாதீங்க, சலசலன்னு நுரைச்சு ஓடற இடத்துல தான் நிக்கும், மூச்சு வேணும்ல. பலமான லைன், முள் இல்லாத கொக்கி, ரப்பர் வலை. மெல்லிசு லைன்ல இழுத்து "ஸ்போர்ட்"னு சொல்லாதீங்க, கோவம் வருது. கைய நனைச்சுட்டுத் தொடுங்க. தண்ணியிலயே வச்சு கொக்கிய எடுங்க, ஆழமா முழுங்கியிருந்தா லைன வெட்டி விடுங்க. தலைய நீரோட்டத்துக்கு எதிர்ல சும்மா பிடிச்சாப் போதும், முன்னயும் பின்னயும் ஆட்ட வேண்டாம், அது தொட்டில் இல்ல. போட்டோ வேணுமா, மீன் தண்ணிக்குள்ளயே இருக்கட்டும், நீங்க குனிங்க. வாஷிங்டன்ல, விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டையும் சால்மனையும் ஆத்துத் தண்ணிய விட்டு முழுசா வெளிய எடுக்கறதே சட்டப்படி தப்பு.

துடுப்பு வெட்டின ஹேச்சரி மீன், வச்சுக்க அனுமதியும் இருக்குன்னா, தாராளமா எடுத்துட்டுப் போய் குழம்பு வைங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மத்தியானம் தான் டைம் கிடைக்குதுன்னா ஜான் டே ஆத்துக்கு ஸ்மால்மவுத் பாஸ்ங்கற மீனுக்குப் போங்க, அது சூடு தாங்கும், பிள்ளைங்களுக்கும் ஜாலி. இல்ல, ட்ரவுட் தான் வேணும்னா மெட்டோலியஸ் மாதிரி ஊத்துல பொறக்கற ஆறு பாருங்க, ஆகஸ்ட்லயும் கால் மரத்துப் போகும்.

அந்தப் பையன திட்டணும்னு இத எழுதல. மறுநாள் போட்டோ அனுப்பினேன், ரொம்ப நேரம் பதில் இல்ல, அப்புறம் "தெர்மாமீட்டர் எதுக்கா நல்லது"ன்னு கேட்டான். எதுவானாலும் சரி, ஒரு கயிறு கட்டுங்க. ஓரத்துல தேங்கின தண்ணியில வைக்காதீங்க, முழங்கால் ஆழத்துல ஓடற தண்ணியில, நிழல்ல, ஒரு நிமிஷம் வச்சுட்டுப் பாருங்க.