சிறையிலிருந்து வருபவருக்கு முதல் மூன்று மாதம்தான் செலவு

“ஆறு மாசம் உள்ள இருந்தான், ஒரு சொட்டுத் தொடலை. இனி எதுக்குங்க வைத்தியச் செலவு?” குடிக்கும் போதைக்கும் அடிமையாகிச் சிறை போய் வருபவர்களின் மறுவாழ்வுக்கு, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிதி கேட்டுப் போனால் இதே கேள்வி. இந்த மாதமும் கேட்டாயிற்று. கேட்பவர்கள் போதை மீட்பு மையத்துக்குக் கட்டில் வாங்கித் தருபவர்கள், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுபவர்கள். அவர்களுக்காகவே இதை விளக்கமாக எழுதுகிறேன்.

சிறைக்குள் சரக்கு கிடைக்காததால் அவர் குடிக்கவில்லை. ஏக்கம் அப்படியே இருக்கிறது. உடம்பின் தாங்கும் சக்தி மட்டும் இறங்கிவிட்டது. வெளியே வந்ததும் கூட்டாளி பழைய அளவையே நீட்டுவார். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டவருக்கும், ஹெராயின் பழகியவருக்கும் அந்த அளவு மூச்சையே நிறுத்திவிடும். விடுதலையான முதல் இரண்டு வாரம் உயிருக்கு மிக ஆபத்தான காலம். ஆறு மாதம் தொடாமல் இருந்ததைக் குணம் என்று நம்பித்தான் அந்த நேரத்தில் எல்லோரும் கையை விடுகிறீர்கள்.

(வீட்டில் பூட்டி வைத்துத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு, நான்கு நாளுக்குள் நடுக்கமும் பிதற்றலும் வரலாம். மருத்துவர் இல்லாமல் நிறுத்த வைக்காதீர்கள். குடியை விடுவதற்குத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பதும் வேண்டாம். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.)

கட்டடத்துக்குத் தரும் பணத்தில் பாதியையாவது வெளியே வந்தபின் வரும் மூன்று மாதத்துக்கு ஒதுக்குங்கள். பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்துபோக இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி, மருத்துவமனையில் இருப்பில்லாத மாத்திரை, தொலைந்த ஆதாருக்கும் ரேஷன் அட்டைக்கும் அலைச்சல், முதல் மாத வாடகை, கொத்தனாராக இருந்தால் கரணையும் மட்டப்பலகையும். இதற்கெல்லாம் திறப்பு விழாக் கல்வெட்டு கிடைக்காது என்பதால் யாரும் தருவதில்லை. முதல் மாதம் ரொக்கத்தை அவர் கையில் தராதீர்கள். அவர் சம்மதத்தோடு மருந்துக்கடைக்கும் வீட்டுக்காரருக்கும் நேராகக் கட்டுங்கள். சிறை வாசலில் பணக் கவர் கொடுப்பது மிகப் பெரிய தவறு.

ஜாமீன் தொகைக்கு வசூல் செய்யும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், எண் 15100. ஜாமீன் தொகையோ அபராதமோ கட்டப் பணமில்லாத ஏழைச் சிறைவாசிகளுக்காக 2023-இல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. மிச்சமாகும் நன்கொடை மருந்துக்கு ஆகும்.

மையத்துக்குத் தருவதானால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைப் பார்த்துவிட்டுத் தாருங்கள். சங்கிலியில் கட்டும் இடத்துக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை இல்லை. ஓசூர் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டும் அறக்கட்டளைகள் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் அதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவை முதலில் முடியுங்கள்.

விடுதலைத் தேதி தெரிந்தவுடன் மனநல மருத்துவரிடம் அதே வாரத்துக்கு நேரம் வாங்கி வையுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. தயவுசெய்து அந்த முதல் பயணத்துக்கு யாராவது ஒருவர் கூடப் போங்கள்.