எலும்பு போய் அடைத்த இயந்திரம்

"விண்வெளி நிலையத்தில் சிறுநீரையே குடிக்கிறார்களாமே, நிஜமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நிஜம்தான், ஆனால் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்த பிறகு. (சிறுநீரைக் குடித்தால் சகல நோயும் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வைத்தியம் சொல்பவர்கள் இதைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அங்கே படும் பாடெல்லாம் அதிலிருந்து தண்ணீரை மட்டும் பிரித்தெடுக்கத்தான்.)

காய்ச்சி வடிப்பது பள்ளிப் பாடம். எடையற்ற இடத்தில் மட்டும் ஆவிக்குமிழி மேலே வராது. அதனால் காற்றழுத்தம் குறைந்த ஓர் உருளையைச் சுழற்றுகிறார்கள். சிறுநீர் உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ள, ஆவி தனியே பிரிந்துவிடும். நூறு லிட்டரில் 85 லிட்டர் தண்ணீரை மீட்பது திட்டம். 2008 நவம்பரில் மேலே போன இந்தக் கருவி, மறு வருடமே படுத்துவிட்டது. பூமிக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால், உள்ளே கால்சியம் சல்பேட் படிவு.

கால்சியம் எங்கிருந்து வந்தது? வீரர்களின் எலும்பிலிருந்து!

எலும்பு நமக்குள் இடித்து இடித்துக் கட்டப்படும் வீடு. உடலின் பாரம் அழுத்தும்வரை இடிப்பும் கட்டுமானமும் சமமாக நடக்கும். பாரம் இல்லையென்றால் இடிப்பவர்கள் கை ஓங்கிவிடும். இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேலேயே அடர்த்தி இழக்கிறது. கழன்ற கால்சியம் ரத்தம், சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீர் கெடாமலிருக்க அதில் கந்தக அமிலம் வேறு கலந்திருந்தார்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் நாம் நிலக்கடலைக்குப் போடும் ஜிப்சம். லிட்டருக்குச் சுமார் 2 கிராம்தான் கரையும். தண்ணீரை எடுக்க எடுக்க மிச்சம் கெட்டியாகி, ஜிப்சம் படிந்துவிட்டது. எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டும் ஜிப்சத்தைச் சுட்டுச் செய்ததுதான். இங்கே எலும்பே ஜிப்சமாகி இயந்திரத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறது!

கொஞ்ச காலம் மீட்பை 75 சதவீதத்துக்குள் நிறுத்திச் சமாளித்தார்கள். அப்புறம் கந்தக அமிலத்தை விட்டு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள், சரியாயிற்று. மிஞ்சும் கழிவுநீரையும் உலர்த்தும் கருவி சேர்ந்தபின், 2023இல் நிலையத்தின் மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது.

ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிறோம், நியாயம்தான். எனக்கென்னவோ இந்தக் கக்கூஸ் ஆராய்ச்சிக்கு இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது. செவ்வாய்க்குப் போகும் வழியில் உருளை அடைத்துக்கொண்டால், மாற்று உருளையைப் பூமியிலிருந்து யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள்.